அறுபத்து நான்கு மெகாபைட்

பாயான் லெப்பாஸில், விமானங்கள் தாழும் பக்கத்து ஜன்னலோரம்
மூன்று பேர் ஒரு பட்டியலைக் கொறித்துக்கொண்டிருந்தோம்.
நீரேற்று நிலையங்களுக்கான பெட்டி.
உள்ளே இடம் அறுபத்து நான்கு மெகாபைட்.
இயங்குதளம் எழுந்து நிற்கும்போதே
அதன் கையில் என்னென்ன இருக்கவேண்டும்?
மற்றதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றாள் ஹஸ்லினா,
பிறகு என்றொரு நேரம்
எப்போதும் உண்டு என்பதுபோல.

நகலெடுக்கும் கருவிக்கு வாதமில்லை.
சுருக்குவதற்கு மூன்று இருந்தன. ஒன்று போதும்,
எந்த ஒன்று என்பதில் மத்தியானச் சாப்பாடு போயிற்று.
நாள்காட்டி பதினெட்டுக் கிலோபைட்:
தீபாவளி எப்போது என்று பம்புக்கு எதற்கு?
கையேடுகள் மொத்தமாகப் போயின.
யாரோ ஒளித்து வைத்திருந்த பாம்பு விளையாட்டை
ஆளுக்கொரு ரவுண்டு ஆடிவிட்டு அழித்தோம்.

தமிழ் எழுத்துருவை நானே அடித்தேன்.
இருநூற்றுப் பத்து.
இருவரும் என் முகத்தைப் பார்க்காமல்
தேநீரைப் பார்த்தார்கள்.
வலிக்கவில்லை என்றால் பொய்.
வலித்தது என்றாலும் அத்தனை உண்மையில்லை.
சீன எழுத்துரு முன்பே போயிருந்தது,
பெங் ஹாக்கின் கையால்,
ஏழு மெகாபைட், ஒரு பெருமூச்சும் இல்லாமல்.

கடைசியில் அந்த வரித்தொகுப்பி.
திரைகள் வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான்.
எண்ணைச் சொன்னால் அந்த வரியை மட்டும் காட்டும்.
தப்பாகச் சொன்னால் ஒரு கேள்விக்குறி.
என்ன தப்பு, எங்கே தப்பு, மூச்சு விடாது.
இதை யார் தொடுவார்கள் என்று கோடு கிழித்தேன்.
பெங் ஹாக் மறுக்கவில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நவம்பரில் சுங்கை பினாங்கு கரையேறியது.
இரவு இரண்டு பத்துக்கு ஜெலுத்தோங்கிலிருந்து அந்தோணிராஜ்,
ராமநாதபுரத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து இரண்டு மாதம்:
"அக்கா, எழுத்தெல்லாம் தாறுமாறா ஓடுது.
முட்டி வரைக்கும் தண்ணி."
அந்த அரைகுறைக் கம்பியில்
பெரிய தொகுப்பி திரையை வரையவே திணறியது.
மாற்றவேண்டியது ஒரே ஒரு எண், நாற்பதாம் வரியில்.
இருக்காது என்று தெரிந்தே
அந்த இரண்டெழுத்துப் பெயரைத் தட்டச் சொன்னேன்.
"ஏதோ ஒரு நம்பர் வருதுக்கா. அவ்ளோதான்."

இருந்தது.

நாற்பது என்றேன். முப்பதை எடு, தொண்ணூற்றைந்து போடு.
"கேள்விக்குறி போடுதே, என்னையா கேக்குது?"
உன்னைத்தான். கோடு ஒன்று விட்டிருப்பாய், மறுபடி தட்டு.
பம்பு உறுமியது போனிலேயே கேட்டது.

விடிந்ததும் மாற்றக் குறிப்புகளைப் புரட்டினேன்.
கூட்டம் முடிந்த அன்று மாலை ஆறு நாற்பதுக்கு
பெங் ஹாக் அதைத் திரும்ப வைத்திருக்கிறான்.
காரணம் எழுதும் இடத்தில் மலாயில் ஒரே சொல்:
பியார்லா.
இருக்கட்டுமே.
அவன் இப்போது ஈப்போவில், வேறு வேலை.
செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

அந்தோணிராஜ் இன்னொன்றும் கேட்டிருந்தான்.
"பெட்டி முகப்புல இருக்கிற சின்னத் திரையில
தமிழ் வருமாக்கா? அன்னிக்கு
ஒரு மணியிலிருந்தே சிவப்புல என்னமோ எழுதிட்டிருந்துச்சு.
எனக்கு மலாய் ஓடல."
வராது என்றேன்.
யார் எடுத்தது என்று சொல்லவில்லை.

அடுத்த பதிப்புக்கான பட்டியல் திறந்திருக்கிறது.
வேண்டியது இருநூற்றுப் பத்து,
மிச்சம் நாற்பத்தொன்று.
ஹஸ்லினா பசியாறக் கூப்பிடுகிறாள்.
நீ போ என்று கை காட்டிவிட்டு
மேலிருந்து மறுபடி படிக்கிறேன்.