சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒரு குழி

நீளம் நாலடி ஏழங்குலம்.
அகலம், மழைக்கு முந்தி, மூன்றடி.
ஆழம் எழுதும் இடத்தில்
என் பேனை கொஞ்சம் நின்றது.
தடி முழங்கைவரை நனைந்தது, அடி தட்டவில்லை
என்றா எழுதுவது?

பெருந்தெரு மத்திக்கு உரியது.
அதில் வந்து முட்டும் வீதி மாகாணத்துக்கு.
பக்கத்தில் பிரியும் ஒழுங்கை பிரதேச சபைக்கு.
மூன்று தாரும் மூன்று கறுப்பு.
குழியோ
மூன்றையும் கடித்துத் தின்று
நடுவில் கிடக்கிறது,
எந்த நிரலிலும் தன் பெயர் இல்லாத தைரியத்தில்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர்.
மாகாணத்தின் பங்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு
எனக் கணித்துக்
கைதடிக்கு எழுதினேன்.
முப்பத்தெட்டுப் பங்குக் குழியை மூட
நிதியில் தலைப்பு இல்லை என்றார்கள்.
மத்திக்கு எழுதினேன்.
மாகாணத்தின் இணக்கமின்றி
மாகாணத்தின் குழியில் கல் போடுவது
அதிகாரப் பகிர்வுக்கு முரண் என்று
முதன்முறையாக
எங்கள் உரிமையை மதித்து ஒரு பதில் வந்தது.
பிரதேச சபை பதில் போடவில்லை.
அவர்களின் தட்டச்சாளர் றெஜினோல்டா
இந்தக் குழியில் விழுந்துதான்
மணிக்கட்டு முறிந்து லீவில் நிற்கிறா.

கந்தோர் அலுமாரியில் கிடந்த
அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை
மத்தியானச் சோற்றோடு விரித்துவைத்து வாசித்தேன்.
கொடுக்கும் ஒவ்வொரு கைக்கும் பின்னால்
மணிக்கட்டைப் பிடித்தபடி
ஓர் 'அமைய' நிற்கிறது.
காணி உண்டு, அமைய.
பொலிஸ் உண்டு, அமைய.
'எது எவ்வாறிருப்பினும்' என்று
ஒரு வாசகம் தொடங்கினால்
முன்பக்கத்தில் படித்ததை
மறந்துவிடச் சொல்கிறார்கள் என்று பொருள்.

எல்லையே கூடாதென்று நான் சொல்லவில்லை.
நாடா பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.
எல்லை இல்லாத அதிகாரத்தைக்
கண்டும் இருக்கிறேன்:
ஒரு விடியல் அது புல்டோசரில் வந்தது.
எந்த நிரலையும் புரட்டவில்லை.
எங்கள் வெங்காயத் தறைக்குக் குறுக்கே
முட்கம்பி இழுத்தது.
நாலே நாளில் தாரூற்றி ஒரு வீதியும் போட்டது.
பொய் சொல்லக்கூடாது, நல்ல வீதி.
இன்றைக்கும் ஒரு குழி இல்லை.
நாங்கள்தான் அதில் போக முடியாது.

அதனால் கேட்கிறேன்:
வேலியென்றால்
இரண்டு பக்கத்து மாடும் வந்து
மூக்கை இடிக்கவேண்டாமோ?
ஒரு பக்கத்து மாட்டின் கண்ணுக்கு மட்டும்
தெரிகிற கதியால்
என்ன கதியால்?

ஐப்பசி இருபத்திரண்டு, காலை ஏழு மணி.
குழியைக் காணவில்லை.
உடைந்த ஓடு, சுண்ணக்கல், மேலே கிரவல்,
ஆரோ திமிசு போட்டு இறுக்கியிருந்தார்கள்.
மூன்று கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்பு.
சைக்கிள்கடை அன்ரன் கியூபேட்டிடம் கேட்டேன்.
"தெரியாது மிஸ்.
இரவு முழுக்க மழை, கறண்டும் இல்லை"
என்றான்.
அவன் நகக்கண்ணில் கிரவல்.

அறிக்கை கேட்டு மூன்று கடிதமும்
ஒரே நாளில் வந்தன.
இவ்வளவு வேகத்தில் மூவரும் ஒன்றுபட்டதை
என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை.

யார் என்ற கட்டத்தில்
'இனந்தெரியாதோர்' என்று எழுதினேன்.
எழுதிவிட்டு
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரவில் அது இந்த ஊருக்கு வந்தால்
ஆரையாவது கொண்டுபோய்விடும்.
இம்முறை
கொண்டுவந்து
போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஆழம் என்ற கட்டம் இன்னும் வெறுமை.
பூச்சியம் என்று போட்டேன்.
கீழே சிறிய எழுத்தில்,
கையொப்பத்துக்கு மேலே:
அடுத்த மழைக்கு அமைய.