நாலு கிலோ

கொழும்பிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே வரி:
“இடுப்பை இன்னும் இரண்டு விரல் குறையுங்கள்.”
பக்கம் பதினேழு. அதில் அவள்
கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு
வாவிக்குள் விழப்போகும் பஸ்சை
ஒரு கையால் பிடித்திருக்கிறாள்.
ஐம்பத்து நாலு பேர், சாரதி,
கூரையில் இரண்டு மூட்டை நெல், ஒரு சைக்கிள்.
அந்தப் பாரம் முழுவதும்
என் பென்சிலை விடக் கொஞ்சம் தடித்த இடுப்பு வழியாகத்தான்
பாலத்துக்கு இறங்க வேண்டும்.

கீறியது நான்தான். மறைக்கவில்லை.
என் கை இடுப்பைப் பழகியது
பதினைந்து வயதில், சினிமாச் சுவரொட்டிகளைப் பார்த்து.
மார்பை முதலில் போடுவேன்
முகத்தைக் கடைசியில்.
உடுப்பு என்பது
தோலுக்கு நீலம் தீட்டி
கழுத்தில் ஒரு கோடு இழுப்பது.

இல்லாத இடைக்கு நம் மொழியில் எத்தனை உவமை!
துடி, கொடி, மின்னல், நூல்.
தோளுக்கு மூங்கில் என்றார்கள்:
பச்சை, வழவழப்பு,
உள்ளே வெறும் காற்று.
கோயிலில் எட்டுக் கையோடு அம்மன் நிற்கிறாள்.
எட்டையும் தாங்கும் தோள்பட்டை எலும்பு
எங்கே இருக்கிறதென்று
எந்தச் சிற்பியும் காட்டித் தரவில்லை.

வெபர் மைதானத்துக்குப் போனேன்.
பின்னேரம் நாலரை. கச்சான் காற்று, வாய்க்குள் புழுதி.
ஆரையம்பதிச் சுகிர்தினி
மாகாணப் போட்டிக்காகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

குண்டு என்றால் இங்கே மூன்று பொருள்.
ஒன்று விழுந்ததை அவளுடைய அம்மா கண்டிருக்கிறா.
ஒன்றை அவள் போகும்போது
மதிலில் இருக்கும் பொடியன்மார் சொல்கிறார்கள்.
மூன்றாவது நாலு கிலோ இரும்பு.
அதைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி
கை வேலையாய் இருக்கும்போது போன் பேசுகிறவள் போல்
தலையைச் சாய்த்து நின்றாள்.

கழுத்தில் வெள்ளைத் தூள்.
பலம் நான் நினைத்த இடத்தில் இல்லை.
குதிக்காலில் தொடங்கியது.
முழங்கால், தொடை, பிறகு
திருகித் திரும்பும் இடுப்பு.
அகலமான இடுப்பு. என்னிடம் அதற்குக் கோடு இருக்கவில்லை.
கை கடைசியாகத்தான் வந்தது.
ஒரு சத்தம் போட்டாள், பன்றியை விரட்டுகிற மாதிரி.
பன்னிரண்டு மீற்றரில் மண் குழிந்தது.

கேட்டுவிட்டு, மூன்று பின்னேரம் கீறினேன்.
கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.
“வலக்கால் பிழை.
இப்பிடி நிண்டா பஸ்ஸோட இவவும் ஆத்துக்குள்ளதான்.”
பிறகு,
“இது என்ன?”

தசை வளர்ந்த வேகத்தில்
தோளில் தோல் வெடித்த வெள்ளைக் கோடுகள்.
இருப்பதைத்தானே போட்டேன் என்றேன்,
நேர்மையானவன் என்ற பெருமையோடு.
“இருக்கிறது எனக்குத் தெரியும்.
போடச் சொல்லி உங்களிட்ட ஆர் கேட்ட?”

அழித்தேன்.
தாளில் கிடந்த ரப்பர் தூளை
அவளே ஊதிவிட்டாள்.

நான் வேண்டாமென்று விட்டிருந்த மேலங்கியை
அவள் திருப்பிக் கேட்டாள்.
பறப்பதற்கா என்றேன்.
“பறந்து எங்க போற?
பயிற்சி முடிஞ்சு பஸ் ஏறக்குள்ள
பின்னால நிண்டு பாக்கிறாக்கள் இருக்காங்க.
இடுப்பைச் சுத்திக் கட்டுற நீளம் இருக்கட்டும்.”
ஒரு பொக்கற்றும் கேட்டாள்.
இத்தனை வருசத்தில்
என் பெண்கள் ஒருத்திக்கும் நான் பொக்கற் வைத்ததில்லை;
சில்லறையை, சாவியை எங்கே வைத்திருப்பார்கள்?

இன்று காலை பக்கம் பதினேழை அனுப்பினேன்.
இடுப்பு நாலு விரல் கூடியிருக்கிறது.
வலக் குதிக்கால் ஊன்றிய இடத்தில் தார் நசுங்கியிருக்கிறது.
வாய் திறந்து, பல் தெரிய, அழகில்லாமல்.
பொக்கற்றில் உருண்டையாய் ஏதோ கனக்கிறது.

ஒரு வேலை மட்டும் மிச்சம்.
பஸ்சில் மூன்றாம் ஜன்னலில் ஒரு ஆள்
தலையை வெளியே நீட்டி அவளைப் பார்க்கிறார்.
எங்கே பார்க்கிறார் என்று இன்னும் முடிவாகவில்லை.
அவருடைய கண்ணில்
கருமணி வைக்காமல் விட்டிருக்கிறேன்.