எக்காலத்துக்குமான ஐவர்

ஸ்கார்பரோ, மார்க்கம் வீதிக் கோப்பிக் கடை.
டெல்ரோயைப் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.
சப்பாத்துகளில் இன்னும் பனிச்சேறு.

"எங்கட அணிக்கு எக்காலத்துக்குமான ஐந்து பேர்,
சொல்லுங்கோ" என்று
கைதுடைக்கும் கடதாசியை விரித்தான் பிரணவரூபன்.

தொடங்கியது சண்டை.
கோர்ட்னி, தொண்ணூற்றாறில்
ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு புள்ளி.
"ஓம், தோற்ற ஆட்டம்" என்றேன்.
நெட்டை வொய்டெக்குக்குப் பந்தைவிட
நடுவரோடுதான் பழக்கம் அதிகம்.
இருந்தாலும் எழுதினோம்.
கடைசி இடத்துக்கு
என் பெயரை நானே சொன்னேன்.
சிரித்தபடி அதையும் எழுதினான்.

டெல்ரோய் எங்கே?

ஆளையாள் பார்த்தோம்.
அவன் பெயரை முதலிலேயே எழுதியாயிற்றென்று
எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆட்டத்திலும் இப்படித்தான்.
பந்து கைக்கு வந்துசேர்ந்து,
கூடைக்குள் விழுந்து,
சனம் கத்தி ஓய்ந்த பிறகுதான்
திரும்பிப் பார்ப்போம்,
அனுப்பியது யாரென்று.