பானெட் சூடு

மணலி எக்ஸ்பிரஸ் சாலையில்
ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்து நிற்கும்
கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால்
கன்னையாவின் யார்டு.
பத்து மணிக்கு வரச் சொன்னார்.
ஏழரைக்கே போய்
பானெட்டில் கை வைத்தேன்.

சூடு.

குளிர்ந்து கிடக்கையில் எப்படி எழுகிறது என்பதில்தான்
பழைய இன்ஜினின் வயது தெரியும்.
ஆறு மணிக்கே தட்டி எழுப்பி
முகம் கழுவி வைத்திருக்கிறார்.
நாங்கள் முந்திக்கொள்வோம் என்பதில்
அவரும் முந்திக்கொண்டார்.

"ஷூட்டிங் கேரவன் சார்.
பெரிய பெரிய ஆளுங்க தூங்குன வண்டி."
யாரென்று கேட்டால் சிரிக்கிறார்.
உள்ளே மேக்கப் கண்ணாடி,
சுற்றிலும் பன்னிரண்டு பல்பு,
எரிவது மூன்று.
தில்ஷாத்தின் ஒரு கன்னத்துக்குப் போதும்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர்.
எட்டு மாதத்தில் பதினேழு வீடு.
என் பெயர் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கெல்லாம்
அவள் பெயர் கேட்டதும்
ஊரிலிருந்து மச்சான் குடிவரப்போவது
ஞாபகம் வந்தது.
அவள் பெயர் எடுபடும் தெருக்களில்
அவளை முன்னே விட்டுப் பார்த்தோம்.
அங்கேயும் மச்சான்கள் இருந்தார்கள்.

பதினேழாவது வீட்டுப் படியிறங்கும்போதுதான் சொன்னாள்:
"சக்கரம் வச்சதா பார்ப்போமா?
பக்கத்து வீடு பிடிக்கலன்னா
வீட்டோட கிளம்பிடலாம்."

அதனால் இன்று கேள்வி கேட்கும் முறை எங்களுடையது.
இதற்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள்?
நான்காவது கை.
ஏன் காலி செய்தார்கள்?
அதற்கு மறுபடி ஒரு சிரிப்பு.
தண்ணீர்?
தொட்டி இருக்கிறது, மோட்டார் இல்லை.
பாக்கி?
ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி
இன்னும் காலி செய்யாமல் குடியிருக்கிறது.
எஃப்.சி. செத்து ஐந்து மாதம்.

ரொசாரியோ துணியில் சுற்றிய காந்தத்தை
வண்டியின் உடம்பெல்லாம் ஓட்டினான்,
டாக்டர் குழல் வைப்பது போல.
இரும்பில் பிடித்தது.
பட்டி பூசி மெழுகிய இடங்களில் நழுவியது.
இடது பக்கம் நெடுக நழுவிக்கொண்டே போனது.
"வருஷக்கணக்கா கடல பாத்து நிறுத்திக்கிறானுங்க.
எண்ணூர் காத்துக்கு பெயிண்டெல்லாம் ஒரு கணக்கா?"

டயரின் விலாவில் நான்கு இலக்கம்,
பிறந்த வாரம், பிறந்த வருடம்.
பட்டன் தேயவில்லை. ஆனால் பதினோரு வயது.
எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது.
பாத்ரூம் ஓரத்தில் குதிகாலை ஊன்றினால்
தரை டீக்கடை பன்னாக அமுங்கியது.
பினாயில் வாசனை தூக்கலாக இருந்தது,
அதன் அடியில் வேறொரு வாசனை
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தில்ஷாத் எல்லோரையும் கீழே இறக்கினாள்.
திரைகளை இழுத்துவிட்டாள். கதவைச் சாத்தினாள்.
ஐந்து நிமிடம்.
பத்து நிமிடம்.
"மேடம் இன்னா, தூங்கிட்டாங்களா?"
எனக்கும் தெரியவில்லை.
உள்ளே ஒரு சத்தமும் இல்லை.
கதவைத் தட்டலாமா என்று கை தூக்கி
அது யார் வீட்டுக் கதவென்று
ஒரு நொடி குழம்பி, இறக்கிக்கொண்டேன்.

வெளியே வந்தாள்.
"கூரையில ஏழு ஓட்டை. இருட்டுல உக்காந்து எண்ணினேன்.
வெளிச்சம் வர்ற வழியா மழையும் வரும்.
ஓட்டைக்குப் பத்தாயிரம் குறைங்க."
என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி:
"ஒண்ணு நேரா அடுப்புக்கு மேல.
புகை போக வச்சுக்கலாம்."

நாலரை லட்சம்
மூணு எழுபதில் வந்து நின்றது.
கன்னையா பேனாவை உதறினார்.
"பேர் மாத்தணும். அட்ரஸ் ப்ரூஃப் எடுங்க."

வீடு கிடைக்காதவர்கள் வாங்கும் வீட்டுக்கு
வீடு இருப்பதற்கான அத்தாட்சி.
ஒரு டேங்கர் லாரி கடந்துபோகும் வரை
யாரும் பேசவில்லை.

வாடகை ஒப்பந்தம் முப்பதாம் தேதி வரை.
இன்று இருபத்தேழு.
தில்ஷாத் விரல் மடக்கினாள்.
"மூணு நாள் நமக்கு விலாசம் இருக்கு" என்றாள்.
பிறகு ஒரு விரலை நிமிர்த்தி,
"நாளைக்கு ஞாயிறு. ரெண்டு."