எதிரே வண்டி இல்லை

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சுபாரு.
ஸ்டீயரிங் வலது பக்கம்.
எங்கள் ஜார்ஜியாவிலோ வண்டிகள்
சாலையின் வலதில்தான் போகும்.
அதனால் முன்னால் போகிற எதையும் தாண்ட வேண்டுமென்றால்
இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா
கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்:
“எதிரே வண்டி இல்லை. போ.”

பதினோரு கோடைகளாக
திபிலிசியிலிருந்து கடலுக்கு
இப்படித்தான் போகிறோம்,
அம்மாவின் கண்ணும் அப்பாவின் காலுமாக.

இந்த முறை கோரி நகரைத் தாண்டியதும்
கோச்சா பசிக்கிறது என்றான்.
அப்போதுதான் தெரிந்தது,
சாப்பாட்டுப் பை எங்கள் கட்டிடத்தில்
லிஃப்ட் வாசலிலேயே நிற்கிறது.
நாலு மணிக்கு எழுந்து அம்மா அவித்த கோழி,
பன்னிரண்டு முட்டை,
பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி,
காகிதத்தில் மடித்த உப்பு.
“நீதானே தூக்கினாய்?”
“நீ எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன்.”
அதோடு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேசாத அம்மாவை வைத்துக்கொண்டு
ஒரு மாட்டுவண்டியைக்கூடத் தாண்ட முடியாது.

முட்டைக்கோஸ் ஏற்றிய நீல லாரி முன்னால்.
அது மேட்டில் திணறியது.
பின்னாலேயே நாங்களும் திணறினோம்.
ஒருமுறை அப்பா துணிந்து மூக்கை நீட்டினார்;
ஒரு பஸ் திட்டிக்கொண்டே உரசிப் போனது.
அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுராமியில் பெண்கள் சாலையோரம் நின்று
இனிப்பு ரொட்டியைக் கொடி போல ஆட்டினார்கள்.
பட்டையும் கிராம்பும் ஜன்னல் வழியே ஏறின.
“வாங்கலாமா?” என்று
அப்பா பொதுவாகக் கேட்டார்.
பொதுவாக யாரும் பதில் சொல்லவில்லை.
அதற்குள் வளைவு வந்துவிட்டது.

நான் முட்டைக்கோஸ்களை எண்ணினேன்.
முப்பத்தொன்றாவது உருண்டு ஓடையில் விழுந்தது.
கோச்சா மட்டும் சிரித்தான்.

பிறகு லாரி, விளக்குப் போடாமல்,
ஆற்றுப் பக்கம் இறங்கியது.
அப்பாவும் இறங்கினார்.
ஏன் என்று இன்றுவரை சொன்னதில்லை.
இரண்டு மணி நேரப் பழக்கம்
என்றுதான் நினைக்கிறேன்.

தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை.
மூன்று லாரிகள், ஒரு போலீஸ் வண்டி,
அடுப்படியில் டோடோ என்றொரு பெண்மணி.
“என்ன இருக்கிறது?”
“பீன்ஸ்.”
“வேறு?”
“வேறு பீன்ஸ் நாளைக்கு.”

மண்சட்டி வந்தது,
வாயை மக்காச்சோள ரொட்டியால் அடைத்துக்கொண்டு.
ரொட்டியைப் பெயர்த்தோம்.
ஆவி அப்பாவின் கண்ணாடியை மூடியது.
பாதி மசிந்த சிவப்பு விதைகள்,
அரைத்த அக்ரூட், கொத்தமல்லி,
மலை வெந்தயத்தின் மெல்லிய கசப்பு.
பக்கத்தில் ஊறவைத்த பூமொட்டு,
கையால் நசுக்கிய வெங்காயம்.

அம்மா பிட்டாள். தொட்டாள். நிறுத்தினாள்.
மறுபடி தொட்டாள்.
நாங்கள் மூவரும் அவள் தாடையையே பார்த்தோம்.

“உப்பு சரியாக இருக்கிறது,” என்றாள்
சட்டியிடம்.

எழுபது கிலோமீட்டருக்குப் பின் முதல் வார்த்தை.
அப்பா ஒன்றும் சொல்லாமல்
தன் வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளினார்.

“புளிப்புக்கு என்ன போட்டீர்கள்?”
“பச்சை ப்ளம்.”
“அது மட்டும் இல்லை.”
“அது மட்டும் இல்லைதான்,” என்று
டோடோ சட்டிகளைக் கழுவப் போய்விட்டாள்.
“பத்து வருடமாகக் கேட்கிறேன்,
எனக்கே சொல்லவில்லை,” என்றார்
வாய் நிறைய ரொட்டியோடு நீல லாரிக்காரர்.
அம்மா சிரித்தாள். அவரைப் பார்த்துத்தான். ஆனாலும்.

மறுபடி சாலை. மறுபடி அதே லாரி.
கோச்சா வாயில் அக்ரூட் ஒட்டத் தூங்கிவிட்டான்.
நேரான பாதை, கண்ணுக்கெட்டியவரை வெயில்.
அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.
“எதிரே வண்டி இல்லை. போ.”

அப்பா கியரைக்கூடத் தொடவில்லை.
“இருக்கட்டும்,” என்றார்.
“அந்த மனிதர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு
எங்கே திரும்புகிறார் என்று பார்ப்போம்.”