நேர்காணல்

ஆனி வந்தால் அப்பா
உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டு வரவேண்டும்.
மண்டபத்திலிருந்து ராமநாதபுரம்.
கச்சான் காற்று ஜன்னல்வழி மணலைக் கொட்ட
மடியில் மஞ்சள் பையோடு
நடத்துநர் தந்த சில்லறையை இரண்டுமுறை எண்ணுகிறார்
சே. வழிவிட்டான், துணை வட்டாட்சியர் (ஓய்வு).
அந்த அடைப்புக்குறியையும் வாயாலேயே சொல்வார்.

கருவூலத்தில் பெருவிரல் பதியவில்லை.
சிவப்பு.
வேட்டியில் துடைத்து வைத்தார். சிவப்பு.
முப்பத்து மூன்று வருடம்
உப்பளத்தாரும் சங்கு குளிப்பவரும் நீட்டிய விரல்களை
மையில் உருட்டி உருட்டிப் பதியவைத்த கை.
"ரேகை தேஞ்சுபோச்சு சார்" என்றான் பையன்,
என் வயதில் பாதி இருப்பான்.
அது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார் அப்பா.
கண்ணைக் காட்டச் சொன்னான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முறைப்பதுபோல, காட்டினார்.
பச்சை.
இன்னும் ஒரு வருடம் இருக்கிறார்.

கோப்பில் அம்மா பெயருக்கு நேரே 'காலமானார்'.
அடுத்த வரி நான்.
நம்புசெல்வி, மகள், மணவிலக்குப் பெற்றவர், வயது நாற்பத்தைந்து.
அண்ணன் பெயர் அதில் இல்லை.
அவன் தோஹாவிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பான்,
அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு,
அந்த வடக்கு மனை இப்போ எவ்வளவு போகும்,
ஒரே மூச்சில், ஒரே குரலில்.

அப்பாவுக்குப் பிறகு மாதாமாதம் எனக்கு வரும்,
நான் யாரையும் கட்டிக்கொள்ளாதவரை.
மறுமணம் புரியவில்லை என்று
நானும் எழுதிக் கையொப்பமிட வேண்டும், வருடாவருடம்,
உயிரோடிருப்பதைக் காட்டுவதுபோல.
மாத்திரை பிரித்துக் கொடுக்கையில்
மனசில் எந்தக் கணக்கும் ஓடியதில்லை என்று சொல்லமாட்டேன்.
வெந்தயம் ஊறப்போடுகிற ராத்திரிகளில்
எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிருக்கிறது.

பாம்பன் துறைமுக அலுவலகத்தில்
புயல் கூண்டு ஏற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார்.
சூசைமாணிக்கம். மனைவி போய் ஏழு வருடம்.
விசைப்படகுகளுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.
'ஒண்ணாம் நம்பர் ஏத்திருக்கு, துணிய எடுத்துருங்க.'
கூண்டு இல்லாத நாளில்
'இன்னைக்கு ஒண்ணும் இல்ல.'
ஒன்றுமில்லை என்பதற்கும் ஒரு செய்தி.
நான் 'சரி' என்று அனுப்புவேன்.
மூன்று வருடமாக 'சரி'.

திரும்பும் பேருந்தில் உச்சிப்புளி தாண்டியதும்
அப்பா பையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.
எனக்கான படிவம், முன்கூட்டியே வாங்கிவைத்திருக்கிறார்,
பின்னால் எனக்கு அலைச்சல் வேண்டாமென்று.
கட்டங்கள் எல்லாம் காலி.
ஓரத்தில் மட்டும் பச்சை மை, அந்தப் பழைய சாய்வெழுத்து:
'மனுதாரரின் விருப்பம் இதுவரை கேட்கப்படவில்லை.
கேட்டு, பதிவு செய்து, மறுபடி வைக்க.'
சுருக்கொப்பம். தேதி.

ஓய்வுக்குப் பிறகு பச்சை மை செல்லாது.
அது என்னைவிட அவருக்குத் தெரியும்.

வெளியே பனைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தன.
"பாம்பன்ல ஒரு ஆள் இருந்தான்," என்றார்,
என்னைப் பார்க்காமல், முன் சீட்டுக் கம்பியிடம்.
"புயல் வருசம் நான் தாலுகா ஆபீஸ்ல படுத்துக் கிடந்தேன்ல,
மணிக்கு மணி தகவல் சொல்லுவான். ஒரு தடவகூட லேட் இல்ல."
அவருடைய வாயில் ஒரு மனிதனுக்கு
இதற்கு மேல் புகழ் கிடையாது.
பிறகு, "கிழங்கான் வந்திருக்குமா இந்நேரம்?" என்று கேட்டார்.
பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்,
அல்லது தூங்குகிறவராக நடந்துகொண்டார்.

கைபேசி நடுங்கியது.
'காத்து பலம். கூண்டு ஏத்தல. எங்க இருக்கீங்க?'

திறக்கப் பெருவிரலை வைத்தேன்.
மணல், வியர்வை. பதியவில்லை.
முந்தானையில் துடைத்துக்கொண்டு
மறுபடி வைத்தேன்.