ஐந்து அங்குலம்

புதுவயலில் காலை ஏழு மணிக்கே
அவித்த நெல்லின் ஆவி ரயில் பாதையைத் தாண்டி வரும்.
அந்த ஆவிக்குள் முக்காலியை விரித்தேன்.
கருவியின் கண்ணாடி வேர்த்தது.
துடைத்தேன். மறுபடி வேர்த்தது.

அடைக்கப்பனின் அரிசி ஆலைக்குச் சுற்றுச்சுவர் வேண்டும்.
சுவருக்கு முன்னால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும்.
சான்றுக்கு முன்னால் எல்லை வேண்டும்.
எல்லைக்கு, நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு,
உதவியாள் ஆரோக்கியத்தையும் சேர்த்து, நான்.

"தண்டவாளத்துல இருந்து அம்பது அடி.
டேப்பப் போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கும்மா மூணு நாள்?"
என்றார் அடைக்கப்பன்.
ரயில்வேயிலிருந்து வந்த பாஸ்வானும் அதையேதான்
இந்தி தோய்ந்த தமிழில் சொன்னார்.
எதிர்க்கட்சிகள் இரண்டும் ஒன்றாகத் தலையாட்டினால்
எனக்குக் கொஞ்சம் பயம் வரும்.

ஐம்பது அடி உண்மைதான். வரைபடத்தில் இருக்கிறது,
துணி ஒட்டிய தாள், மடித்த இடமெல்லாம் கிழிசல்.
ஆனால் எந்தத் தண்டவாளத்திலிருந்து?
நிலம் எடுத்தது மீட்டர் கேஜுக்கு.
அகலப்பாதை போட்டபோது
வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறார்கள்.
பாதை நகர்ந்தது.
பத்திரம் நகரவில்லை.

இரண்டாம் நாள் சீமைக்கருவேலத்துக்குள் அரிவாளோடு போன ஆரோக்கியம்
உள்ளிருந்து கத்தினான்: "அக்கா, பாலம் கெடக்கு!"
பாலம் என்பது பெரிய வார்த்தை.
கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால்,
அதன் இரு கரையிலும் செம்புறாங்கல் கட்டு,
மேலே சுமக்க ஒன்றுமில்லாமல்.
ஒவ்வொரு கட்டையும் அளந்து பாதியில் ஓர் ஆணி.
இரண்டு ஆணி, ஒரு கோடு.
அந்தக் கோட்டின்மேல் கடைசியாக ஓடிய ரயிலில்
நான் போயிருக்கிறேனா என்று யோசித்தேன்.
நினைவில்லை.

கோட்டிலிருந்து செங்குத்தாக ஐம்பது அடி வந்தால்
ஆலையின் உமிச்சாம்பல் மேடு.
ஆரோக்கியம் கடப்பாரையை இறக்கினான்.
சொத். சொத். இடம் மாறி, சொத்.
அப்புறம் ஒரு ணங்.

கைவிட்டுத் துழாவினேன். முழங்கை வரை கறுப்பு.
கல்லின் தலையில் கூட்டல் குறி,
பக்கத்தில் தேய்ந்துபோன இரண்டு எழுத்து.
என் கணக்கிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளி.

என் கருவி மில்லிமீட்டரில் பேசும்.
அதற்குப் பதினான்கு செயற்கைக்கோள்கள் சாட்சி.
இருந்தாலும் எங்கள் தொழிலில்
நட்ட கல் நட்ட இடத்தில் இருக்கும்வரை
கணக்கு கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

யாருடைய ஐந்து அங்குலம் இது?
சித்திரை வெயிலில் நீண்டுபோன இரும்புச் சங்கிலியுடையதா,
முள்ளுக்கு விலகி நின்றவனுடையதா,
பொழுது சாய்வதற்குள் ஆறு கல் நட்டாக வேண்டும் என்று விரட்டப்பட்டு
தண்ணீர் குடிக்கக்கூட நிமிராதவனுடையதா?
அவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.
அவன் தவறிய அதே இடத்தில்
நானும் தவறுவதற்குத்தான் எனக்குக் கூலி.

கல்லின்படி பார்த்தால்
அடைக்கப்பன் தோண்டி வைத்த வாணம் இந்த முனையில்
இரண்டடி ரயில்வேக்குள் இருக்கிறது.
அந்த முனையில் ரயில்வேயின் வேலி
ஏழடி அடைக்கப்பனுக்குள்.
பாஸ்வான் போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார்.
அடைக்கப்பன் கிட்டே வந்தார்.
"கல்லு கெடைக்கலைன்னு எழுதிரலாமேம்மா."
ஆரோக்கியம் கல்லுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தான்.
அது காய்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரைக்குடி வண்டி போயிற்று.
கருவியின் குமிழி நடுங்கி ஓரத்துக்கு ஓடியது.
திருகுகளைத் தொடாமல் காத்திருந்தேன்.
தானாகத் திரும்பி வந்தது, முழுதாக அல்ல.

சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் டீ.
தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, வாழைத்தார்.
பாலத்து ஆணியிலிருந்து என் கண் தானாகவே கோடு இழுத்தது.
ஆறடி உள்ளே. ஏழுகூட இருக்கலாம்.
"என்னக்கா பாக்குறீங்க?" என்றான் ஆரோக்கியம்.
யாரும் அளக்கச் சொல்லவில்லை.
சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்.